எலும்பிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே ஏறினால் வருகிற ஊர் ஈச்சங்கொல்லை. அங்கே கெங்கம்மாளுக்கும் அவள் தங்கை முனியம்மாவுக்கும் நடுவே பேச்சு கிடையாது. கோழிதான் உண்டு.

அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே வேலி. தங்கையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கெங்கம்மாள் வேலியோரம் கிளறிக்கொண்டிருக்கும் கோழியைப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

"ஏ கோழி, உன்ன வளக்குறவளோட ஆடு எங்கொல்லையில சாமைய மேயுது. அது அவ கண்ணுல படுதா, இல்ல கண்ண எடுத்து ஊறுகா போட்டுட்டாளா?"

முனியம்மா முறத்தைத் தட்டியபடி அதே கோழிக்குப் பதில் சொல்லுவாள். "ஏ கோழி, ஆட்டுக்கு இன்னா தெரியும்? வேலி கட்டுனவ வாயால கட்டுனா ஆடு பூராமதான் இருக்குமா?"

கோழிகள் குழம்புக்குப் போயின, புதுக்கோழிகள் வந்தன. அக்காள் தங்கை பேசிக்கொள்ளும் வழி மட்டும் மாறவில்லை. கெங்கம்மாளின் புருஷன் சடையன், அவள் பேச்சுக்கு நடுவே புகுந்துகொள்ள இடம் கிடைக்காமலேயே வாழ்ந்து முடித்துவிட்டுப் போனவன். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு அவளுக்குக் கொழுந்தன் முறை. சடையனின் தாயும் ராஜாக்கண்ணுவின் தாயும் கூடப்பிறந்தவர்கள். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லுகிற அந்த மனிதர் கெங்கம்மாள் வீட்டு வழியே போக நேர்ந்தால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் போவார்.

ஈச்சங்கொல்லையில் எந்தச் செய்தியும் ஓர் உலை கொதிக்கும் நேரம்கூட அடுப்படியில் தங்காது. எந்த மருமகள் யாருக்குக் குறைத்துப் பரிமாறினாள், எவன் குடித்துவிட்டு எந்த மரத்தைத் தன் மாமனார் என்று நினைத்துக் கும்பிட்டான், எல்லாம் பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஊருக்கே போய்விடும். அப்பேர்ப்பட்ட ஊர் ஒரே ஒரு சங்கதியை மட்டும் ஒரு தலைமுறைக் காலம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தது.

கெங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை. முனியம்மாவுக்கு இரண்டாவதும் ஆண் பிறந்தது. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைக் கொடுப்பவளும் வாங்குபவளும் ஊர்ச்சாமி வேடியப்பன் கல்லுக்கு முன்னால் ஊரைக் கூட்டி, சாமைச் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கொரு வாய் தின்ன வேண்டும். தின்றபின் எல்லோரும் சொல்லுகிற சத்தியம் இதுதான்: "பெத்தவ பெத்தேன்னு சொல்லக்கூடாது. வளத்தவ வளத்தேன்னு சொல்லக்கூடாது. கேட்டவன் கேட்டேன்னு சொல்லக்கூடாது. மீறுனா தின்ன உப்பு தொண்டையில நிக்கும்." வெற்றிவேல் அப்படித்தான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தான். அன்றிலிருந்து அவன் கெங்கம்மாள் பெற்ற பிள்ளை. வயிறு வலித்ததைக்கூட அவள் பெண்களிடம் கதைகதையாகச் சொல்லுவாள். பெண்கள் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள். அவர்களில் முனியம்மாவும் இருப்பாள்.

அதெல்லாம் புளியமரம் வரைக்கும்தான். ஒரு நாள் முனியம்மா வீட்டுப் புளியமரத்தில் ஏறிய பையன் கிளை முறிந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். ஓடிவந்து அவனை வாரித் தூக்கிய முனியம்மா, "ஐயோ, எம்..." என்று ஆரம்பித்தாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே கெங்கம்மாள். பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. அது "எம் சாமி"யாக இருந்திருக்கலாம், "எங் கண்ணு"வாக இருந்திருக்கலாம். கெங்கம்மாள் மீதிப் பாதியைத் தானே முடிவு செய்துகொண்டாள். அன்றைக்குத்தான் கோழிக்கு வேலை கிடைத்தது.

வெற்றிவேல் வளர்ந்தான். நெட்டையாக, வாய் பேசாதவனாக வளர்ந்தான். அந்த வீட்டில் வேறு எப்படி வளர்வது? பெண் பார்த்தார்கள். ஒருத்திக்கு நடை சரியில்லை, ஒருத்திக்குச் சிரிப்பு சரியில்லை, ஒருத்தியிடம் குறையே இல்லாததால் அதுவே சந்தேகமாகிவிட்டது கெங்கம்மாளுக்கு. கல்யாணம் ஆகாமலேயே அவன் மலைப் புளியைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் லாரியில் வாணியம்பாடி டிரைவர் ஷாருக்குக்குத் துணையாளாகப் போய்க்கொண்டிருந்தான்.

போன வருஷம் புளிச் சுமையோடு இறங்கிய அந்த லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் புரண்டு தீப்பிடித்தது. அணைத்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள் என்பது மட்டும்தான் தெரிந்தது. எது யார் என்று தெரியவில்லை.

ஷாருக்கின் தாய் ஜெய்புன்னிசா ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாள். சென்னைச் சோதனைச்சாலையில் பார்த்து, இன்னார் இவள் மகன் என்று சொல்லிவிட்டார்கள். அவனை அடக்கம் செய்தார்கள். மிச்சம் இருப்பது ஒருவன். ஏறியது இரண்டு பேர். மிச்சம் யார் என்று ஈச்சங்கொல்லை ஆடுகூடச் சொல்லிவிடும். ஆனால் சர்க்காருக்கு ஆட்டின் வாக்குமூலம் செல்லாது. கெங்கம்மாளும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சப்-இன்ஸ்பெக்டர் அருண்ராஜ் ஜீப்பில் ஏறி வந்தார்.

"நீதானேம்மா பெத்த தாய்?"

"பின்ன, வாடகைக்கா எடுத்தேன்?" என்றாள் கெங்கம்மாள்.

அருண்ராஜ் கூடியிருந்த ஊரைப் பார்த்தார். ஊர் முழுவதும் தலையாட்டியது. எல்லோரையும்விட வேகமாக ஆட்டியது முனியம்மாவின் தலை. ராஜாக்கண்ணு ஒரு படி மேலே போய், "நாங்கதான் சார் மருத்துவச்சியவே இட்டாந்தோம்," என்றார்.

"அவன் புழங்குன பொருள் ஏதாச்சும் குடுங்க. சீப்பு, பிரஷ்."

வேலமரக் குச்சியால் பல் துலக்குகிறவனிடம் பிரஷ்ஷுக்கு எங்கே போவது? அவன் போர்த்திக்கொள்ளும் கம்பளியைக் கொடுத்தார்கள். அவன் போர்த்தியது உண்மைதான். ஆனால் அந்த ஊரில் பன்றிக் காவலுக்குப் பரணில் படுக்கப் போகிற எவனும் எடுத்துப் போவது அந்தக் கம்பளியைத்தான். பிரசவித்த ஆட்டுக்குக் குளிர் என்றாலும் அதுதான், ஜுரத்தில் கிடக்கும் மாமியாருக்கும் அதுதான். இதைச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்பளி என்றால் அப்படித்தானே இருக்கும் என்பது அவர்கள் எண்ணம்.

சோதனைச்சாலையிலிருந்து பதில் வந்தது. கம்பளியில் குறைந்தது மூன்று ஆண்களும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். ஆட்டு மயிர் தனி. ரத்தத்தைப் பொறுத்தவரை, எரிந்து கிடக்கும் ஆணுக்குக் கெங்கம்மாள் தாய் இல்லை.

அருண்ராஜுக்கு மூளை வேலை செய்தது. அதுதான் வினை. எரிந்தவன் வெற்றிவேல் இல்லை என்றால் வழியில் ஏறிய வேறு எவனோ. அப்படியானால் வெற்றிவேல் எங்கே? லாரியைப் புரட்டிவிட்டு ஓடிப்போய்விட்டான். ஏன் ஓட வேண்டும்? குற்றம் செய்தவன்தானே ஓடுவான்? இப்படி ஒவ்வொரு கேள்வியாகத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லி, செத்தவனைக் கொலைகாரனாக்கிவிட்டார்.

போலீஸ்காரர்கள் வந்து கெங்கம்மாள் வீட்டைச் சோதனை போட்டார்கள். ஒருவர் சாமைக் குதிரில் கையை விட்டுத் துழாவினார். ஒருவர் பரணுக்கு ஏணி போட்டார்.

"மோர்ப்பானைய வுட்டுட்டீங்களே சார்," என்றாள் கெங்கம்மாள். "அவன் நெட்டையன். மடிச்சித்தான் வச்சிருப்பேன்."

"வாய மூடு. புள்ள செத்துட்டான்னு சொல்ற, ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. அதுலயே தெரியுது அவன் உயிரோட கீறான்னு."

"எம்புள்ளைய கொண்டாந்து குடுங்க, அழுவுறேன். இப்ப இன்னாத்தப் பாத்து அழுவுறது? உங்க தொப்பியையா?"

ஊர் சிரித்தது. கெங்கம்மாள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பிணவறையில், ஜில்லென்ற ஒரு பெட்டியில், 'அடையாளம் தெரியாத ஆண்' என்று எழுதிய அட்டைக்குக் கீழே அவன் கிடக்கிறான் என்று ஜெய்புன்னிசா சொல்லியிருந்தாள். அட்டையைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதில் இருப்பது அவன் பேர் இல்லை என்பது கெங்கம்மாளுக்குத் தெரியும்.

ராஜாக்கண்ணு அன்றைக்குச் செருப்போடேயே அவள் வாசலுக்கு வந்தார். தைரியமாக வந்தவர் போலத்தான் இருந்தது.

"அண்ணி, சொல்லிடலாம். வேடியப்பனுக்கு ஒரு கெடா வெட்டி மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

"இன்னான்னு சொல்லுவ?"

கவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அதான்... இந்த... உப்பு விஷயம்," என்றார்.

"உன்னால எங்கிட்டயே சொல்ல முடில. நீ போலீஸாண்ட சொல்லப் போறியா? போ, போய்க் கெடாவ வெட்டி நீயே துன்னு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஏ கோழி, யாரும் வாயத் தொறக்க வேணாம். நான் ரத்தத்த மட்டும் குடுத்துட்டு வந்துடுறேன். ரத்தத்துக்கு வாய் இல்லன்னு சொல்லு."

கெங்கம்மாள் எழுந்தே விட்டாள். "ஏ கோழி, ரத்தத்துக்கு வாய் இல்ல. அந்த மிஷினுக்கு கீது. அது இவள அம்மான்னு எழுதும். சர்க்கார் முத்திர குத்தும். அப்புறம் நான் யாரு, புள்ள தூக்க வந்த ஆயாவா?"

இதுதான் அவள் மாட்டிக்கொண்ட இடம். சொல்லாவிட்டால் அவன் பேரில்லாதவனாகவும் கொலைகாரனாகவும் பெட்டிக்குள் கிடப்பான். சொன்னால் மலைக்கு வருவான், ஆனால் முனியம்மாவின் மகனாக வருவான். ஊரையே நாக்கால் புரட்டிப் போட்டவளுக்கு இந்த ஒன்றைப் புரட்டத் தெரியவில்லை. இரண்டு நாள் அவள் கோழியைக்கூடத் திட்டவில்லை. ஊர் பயந்துபோயிற்று.

அப்போதுதான் சென்னையிலிருந்து, அந்தத் தாயை நேரில் அனுப்புங்கள் என்று சோதனைச்சாலையில் சொன்னார்கள். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அருண்ராஜ் மகிழ்ந்துபோனார். கெங்கம்மாள் கவுண்டரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், கடைசி இருக்கையில் முனியம்மா. யாரும் கூப்பிடவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை.

மலை இறங்கி முடிவதற்குள் கவுண்டர் மூன்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்து தீர்த்தார். போளூரில் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. கோழியைக் கொண்டுவரவில்லை.

"கவுண்டரே," என்றாள் கெங்கம்மாள் பஸ் நிலையச் சுவரைப் பார்த்து, "பின்னால வர்றவ சோறு துன்னாளான்னு கேளு."

"கவுண்டரே," என்றாள் முனியம்மா அதே சுவரைப் பார்த்து, "துன்னாச்சின்னு சொல்லு. அவள வெறும் வயித்துல வெத்தல போட வேணாம்னு சொல்லு."

ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு சென்னை வரைக்கும் கோழியாகவே வந்தார். இடையிடையே வாந்தி எடுத்தார். அது ஒன்றுதான் கோழி செய்யாதது.

சோதனைச்சாலையில் ஆனந்தி என்று ஒரு பெண் இருந்தாள். கண்ணாடி போட்ட, மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடைக்காத முகம். கெங்கம்மாளை மட்டும் உள்ளே அழைத்து உட்கார வைத்தாள்.

"மொத சோதனையில நீங்க பெத்த தாய் இல்லன்னு வந்துச்சும்மா."

கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். ஆனந்தி கையை உயர்த்தினாள்.

"இருங்க. நான் அதைக் கேக்கக் கூப்பிடல. உங்க ரத்தத்தையும் அந்த எலும்பையும் திரும்பப் பாத்தேன். யாரோ எவரோன்னா இவ்ளோ ஒத்துப்போகாது. அதைச் சொல்லாம 'இல்ல'ன்னு மட்டும் எழுதி அனுப்பிட்டோம். அது எங்க தப்பு. எலும்பும் ரொம்ப வெந்திருக்கு. பழைய முறைக்கு நீளமான துண்டு வேணும். இப்ப ஒரு புது முறை வந்திருக்கு. பொடிப்பொடியா இருந்தாலும் கோத்துக் கோத்துப் படிச்சிடும். அதுல ஒரு அடையாளத்தைப் பாக்கப் போறேன். அது அம்மாகிட்டருந்து மட்டும் பிள்ளைங்களுக்கு வரும். அப்பாகிட்டருந்து வராது."

"அப்பன் வூட்டுது வராதா?" கெங்கம்மாளுக்கு முதல் தடவையாக அறிவியல் பிடித்துப்போயிற்று. "உறைமோர் மாதிரின்னு சொல்லு. எங்கம்மா வூட்டு உறைமோர்தான் எங்க வூட்லயும் கீது. அதுதான்..." நிறுத்திக்கொண்டாள். அதே மோர்தான் வேலிக்கு அந்தப் பக்கத்துச் சட்டியிலும் இருக்கிறது.

ஆனந்தி கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனியம்மாவைப் பார்த்தாள். அதே மூக்கு, அதே தாடை. பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"அதேதான். மோர் ஒரே வீட்டு மோரா இல்லையான்னு மட்டும் இது சொல்லும். எந்தச் சட்டியில தோஞ்சதுன்னு இதுக்குத் தெரியாது."

"யாரு தோய்ச்சான்னு?"

"அதுவும் தெரியாது."

புதுச் சோதனைக்கு எச்சில் எடுக்க ஆனந்தி ஒரு பஞ்சுக் குச்சியை நீட்டினாள். கெங்கம்மாள் வாயைத் திறந்தாள். வெற்றிலைச் சிவப்பைப் பார்த்த ஆனந்தி அவளை எழுப்பிக் கொப்பளிக்க அனுப்பினாள். திரும்ப வந்தாள், திரும்ப அனுப்பினாள். ஈச்சங்கொல்லையே நடுங்கிய வாய் ஒரு பஞ்சுக் குச்சிக்கு முன்னால் சத்தமில்லாமல் திறந்து கிடந்தது. கவுண்டர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, இப்படி ஒரு குச்சி விலைக்குக் கிடைக்குமா என்று யோசித்தார்.

"இன்னொண்ணும்மா. இடது முழங்காலுக்குக் கீழ எலும்பு ஒடிஞ்சி கூடியிருக்கு. சின்ன வயசுல."

"புளியமரம்," என்றாள் கெங்கம்மாள்.

அந்த நாளை அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். பாதியில் நின்ற பேச்சு வரைக்கும்தான் நினைப்பாள். அதற்குப் பிறகு நடந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் திட்டிக்கொண்டு நின்றபோது, முனியம்மா பையனை மார்பில் போட்டுக்கொண்டு, கட்டுப்போடுகிறவன் வீடு வரைக்கும் அந்தச் சரிவில் செருப்பில்லாமல் ஓடினாள்.

கொஞ்ச நாள் கழித்து அருண்ராஜ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு காகிதத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்று தாய் இல்லை என்றது. இன்னொன்று ஒரே தாய்வழி என்றது. கால் எலும்பையும் சேர்த்துப் பார்த்தால் இறந்தவன் வெற்றிவேல்தான் என்றது.

"அம்மாவா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்கய்யா!" என்று காகிதத்திடமே கேட்டுவிட்டு, ஆனந்திக்குப் போன் போட்டார்.

"ரெண்டும் பொய் இல்ல சார்," என்றாள் ஆனந்தி போனில். "உங்களுக்கு வேண்டியது செத்தது யாருன்றதுதானே? அது வந்தாச்சு."

அருண்ராஜ் போனை வைத்துவிட்டுக் கெங்கம்மாளை முறைத்தார். "எதையோ மறைக்கிற நீ."

"சார், எங்க மலையில தாய்வழின்னா தாய்தான். உங்க வூட்ல இன்னா வழக்கமோ, எனக்குத் தெரியாது."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். அருண்ராஜின் பார்வை பின்னால் சுவரோரம் நின்றவள் மேல் போயிற்று. "ஏம்மா, நீ யாரு?"

கெங்கம்மாள் திரும்பவில்லை. முதுகாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு வார்த்தை போதும். போலீஸ் கேட்கிறது, சொன்னால் அவன் அவளுடையவன்.

"சின்னம்மா சார்," என்றாள் முனியம்மா. "சின்னம்மாதான்."

அருண்ராஜ் பேனாவை எடுத்து, உறவு என்ற இடத்தில் தாய் என்று எழுதினார். கொலைகாரனாக ஊர் ஊராகத் தேடப்பட்டவன் மறுபடியும் செத்தவன் ஆனான். அதற்கு யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. கம்பளியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அவன் சின்ன மூட்டையாகத்தான் மலைக்கு வந்தான். அவ்வளவு நெட்டையானவன் கெங்கம்மாள் மடியில் அடங்கிவிட்டான். அந்தக் கம்பளியிலேயே சுற்றினார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், ஓர் ஆடு என்று சோதனைச்சாலை சொன்னது குறைவுதான். ஊரே அதில் இருந்தது. அதைப் போர்த்திப் பன்றி விரட்டினவர்கள், ஜுரத்தில் புரண்டவர்கள் எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். ஜெய்புன்னிசாவும் மலையேறி வந்து ஓரமாக நின்றாள்.

முனியம்மா சின்னம்மாவுக்கு உரிய தூரத்தில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சின்னம்மா எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதாள்.

மூட்டையை இறக்கக் கையை நீட்டினார்கள். கெங்கம்மாள் கொடுக்கவில்லை. சுற்றிலும் தேடினாள். இடுகாட்டில் கோழிக்கு எங்கே போவது? கவுண்டர்தான் அகப்பட்டார்.

"கவுண்டரே," என்றாள், மலையைப் பார்த்துக்கொண்டு. "அன்னிக்கிப் புளியமரத்தாண்ட ஒருத்தி ஒரு பேச்ச ஆரம்பிச்சிப் பாதியில வுட்டா. அத இப்ப முடிச்சிக்கச் சொல்லு."

கவுண்டர் வாயைத் திறந்தார். சென்னை வரைக்கும் கொக்கரித்த வாய்க்கு இப்போது வேலை இல்லாமல் போயிற்று. முனியம்மா நடந்து வந்து, அக்காள் மடியில் இருந்த கம்பளியின் மேல் விழுந்து, மீதிப் பாதியைச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னாள். எதிர் மலையில் மோதி அது திரும்ப வந்தது. கெங்கம்மாள் மூட்டையை நகர்த்தி அவளுக்கும் மடியில் இடம் விட்டாள். தொப்பிக்கு அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

குழந்தை குட்டியோடு ஈச்சங்கொல்லை முழுவதும் அங்கே நின்றிருந்தது. ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை. இன்றைக்குப் போய் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது என்பார்கள்.